பிசி கிளீனர் சாஃப்ட்வேர் போடலாமா? பாதுகாப்பானதா, நிஜமா பிரயோஜனம் உண்டா?

காசு கட்டாதீங்க, முதல்ல அதை சொல்லிடறேன். நீங்க எழுதினதை வெச்சு பார்த்தா லேப்டாப் ஆறு வருஷம் பழசு, விண்டோஸ் 10, ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்து ஒழுங்கா வேலை செய்ய அஞ்சாறு நிமிஷம் ஆகுது, ஒரு ஃப்ரீ கிளீனர் (தேவையில்லாத ஃபைலை அழிச்சு வேகமாக்கறேன்னு சொல்ற சாஃப்ட்வேர்) போட்டு ஸ்கேன் விட்டா 2,300-க்கு மேல பிரச்சினை இருக்குன்னு செவப்பு கலர்ல காட்டுது, சரி பண்ண ஃபுல் வெர்ஷன் வாங்க சொல்லுது, வாங்கலாமா, இந்த மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் சேஃப் தானா, போன்லயும் கிளீனர் போடலாமா, இதான் உங்க கேள்வி. அந்த 2,300-ல ஒண்ணு கூட உங்க லேப்டாப் மெதுவா இருக்கறதுக்கு காரணமா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. ஏன்னு விளக்கமா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா இந்த விஷயத்துல பணத்தை விட்டவங்க நிறைய பேர், அதனால முழுசா படிங்க.

அந்த நம்பர் எப்படி வருதுன்னு முதல்ல பாருங்க. பிரவுசர்ல இருக்கற ஒவ்வொரு குக்கியையும் ஒரு பிரச்சினையா எண்ணுவாங்க. டெம்ப் ஃபோல்டர்ல (புரோகிராம்கள் தற்காலிகமா எழுதற இடம்) இருக்கற ஒவ்வொரு ஃபைலும் ஒண்ணு. எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ண புரோகிராம் ரெஜிஸ்ட்ரில விட்டுட்டு போன ஒவ்வொரு வரியும் ஒண்ணு. இப்படி எண்ணினா நேத்து வாங்கின புது மெஷின்ல கூட நாலு வெப்சைட் பார்த்துட்டு ஸ்கேன் விட்டா நூத்துக்கணக்குல வரும். குக்கிங்கறது நீங்க லாகின் பண்ணதை ஞாபகம் வெச்சுக்கற சின்ன ஃபைல், அது ஒரு கோளாறே இல்ல. "பிரச்சினை"ன்னு பேர் வெச்சு, செவப்பு கலர் போட்டு, பக்கத்துல "சரி செய்" பட்டன் வெச்சா பயம் வரத்தான் செய்யும், அந்த பயத்தை வெச்சுதான் விக்கறாங்க.

ரெஜிஸ்ட்ரி விஷயத்தை தனியா சொல்லணும், ஏன்னா இந்த சாஃப்ட்வேர்கள் அதிகமா கை வைக்கறது அங்கதான், அதிகமா ஆபத்து வரதும் அங்கதான். விண்டோஸும் மத்த புரோகிராம்களும் தங்களோட செட்டிங்ஸ எழுதி வெச்சுக்கற ஒரு பெரிய டேட்டாபேஸ் அது. உள்ள லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய செட்டிங்க எடுக்கறப்ப எல்லா வரியையும் மேல இருந்து கீழ வரைக்கும் படிக்காது, எந்த இடத்துல இருக்குன்னு தெரிஞ்சு நேரா அந்த கீக்கு (ரெஜிஸ்ட்ரில அந்த செட்டிங் இருக்கற இடம்) போய் எடுக்கும். அகராதில உங்களுக்கு தேவையே படாத சொல் ஆயிரம் இருந்தா நீங்க தேடற சொல் லேட்டா கிடைக்குமா என்ன? அதே மாதிரிதான் இதுவும். பழைய புரோகிராமோட ஆயிரம் வரி அநாதையா கிடந்தாலும் அது மொத்தமா சில நூறு கேபி கூட வராது, வேகத்துல உங்களால உணரவே முடியாது. ஆனா தப்பான ஒரு வரியை நீக்கிட்டா ஆபீஸ் திறக்காது, பிரிண்டர் காணாம போகும், சில சமயம் விண்டோஸே பூட் ஆகாது. கிளீனர் ஒரு கீய பார்த்து "இதை யாரும் யூஸ் பண்ணல"ன்னு சொல்றது ஒரு யூகம்தான். மைக்ரோசாஃப்டே தன்னோட சப்போர்ட் பக்கத்துல ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்க ஆதரிக்கல, அதனால வர்ற கோளாறை சரி பண்ண விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டி வரலாம்னு எழுதி வெச்சிருக்கு. இன்னொண்ணு, பலருக்கு தெரியாது: முன்னாடி விண்டோஸ் தானாவே ரெஜிஸ்ட்ரிய ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும், விண்டோஸ் 10-ல 1803 வெர்ஷன்ல இருந்து அந்த பழக்கத்தை நிறுத்திட்டாங்க, டிஸ்க்ல இடம் மிச்சம் பிடிக்க. கம்ப்யூட்டர முந்தின நிலைமைக்கு திருப்பற சிஸ்டம் ரிஸ்டோரும் சில மெஷின்ல ஆஃப்ல இருக்கும். ஆக ரெஜிஸ்ட்ரி கெட்டா திரும்பி போக வழி முன்ன மாதிரி இல்ல. ரெஜிஸ்ட்ரி கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம், ஃப்ரீயா இருந்தாலும் சரி, எவ்வளவு பேர் போன கம்பெனியா இருந்தாலும் சரி.

டெம்ப் ஃபைல் அழிக்கறதுல ஆபத்து கம்மி, பலனும் உண்டு, ஆனா அந்த பலன் இடம் கிடைக்கறது, வேகம் இல்ல. டிஸ்க்ல பாதி காலியா இருக்கறப்ப இன்னும் 5 ஜிபி காலி பண்ணா எதுவும் மாறாது. சி டிரைவ் முழுக்க ரொம்பி சில ஜிபிதான் மிச்சம்னா மட்டும் விஷயம் வேற, அப்ப விண்டோஸ் அப்டேட் ஃபெயில் ஆகும், பேஜ்ஃபைல் (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல யூஸ் பண்ற ஃபைல்) பெருசாக இடம் இருக்காது, எஸ்எஸ்டியா (சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தா எழுதற வேகமும் குறையும். அந்த நிலைமைல சுத்தம் பண்றது அவசியம்தான். பிரவுசர் கேஷ் (பார்த்த சைட்டோட படங்களை சேர்த்து வெச்சிருக்கற இடம்) அடிக்கடி அழிக்கறது நேர் எதிரா வேலை செய்யும், ஏன்னா அது வெப்சைட் சீக்கிரம் திறக்கத்தான் இருக்கு, அழிச்சா எல்லா படத்தையும் மறுபடி டவுன்லோட் பண்ணணும். ஏதாவது ஒரு சைட் சரியா லோட் ஆகலைன்னா அழிங்க, மத்தபடி விட்டுடுங்க.

"ரேம் பூஸ்டர்"னு ஒரு பட்டன் வெச்சிருப்பாங்க, அமுக்கினா 1.5 ஜிபி மெமரி விடுவிச்சோம்னு காட்டும், பார்க்க நல்லா இருக்கும். உள்ள நடக்கறது என்னன்னா ஓடிட்டு இருக்கற புரோகிராம்களோட டேட்டாவை வலுக்கட்டாயமா மெமரில இருந்து வெளிய தள்றாங்க. நீங்க அடுத்த நிமிஷம் பிரவுசருக்கு திரும்பி போறப்ப அது எல்லாத்தையும் திரும்ப உள்ள இழுக்கணும், அதுல ஒரு பகுதி டிஸ்க்குக்கே போயிருந்தா அங்க இருந்து படிக்கணும், டிஸ்க் ரேமை விட பல மடங்கு மெதுவு. விண்டோஸ் காலியா கிடக்கற ரேம்ல அடிக்கடி யூஸ் ஆகற ஃபைல்களை முன்கூட்டியே ஏத்தி வெச்சுக்கும், வேற யாருக்காவது மெமரி வேணும்னா உடனே விட்டுக் கொடுத்துடும். ரேம் ரொம்பி இருக்கறது தப்பான அறிகுறி இல்லைங்க. நிஜமாவே பத்தலைன்னா, 4 ஜிபி வெச்சுக்கிட்டு இருபது டேப் திறந்தா, எந்த பட்டனும் உதவாது, டேப்ப மூடணும் இல்லைன்னா ரேம் கூட போடணும்.

இப்ப பாதுகாப்புக்கு வரேன், இதுதான் எனக்கு முக்கியமா படுது. கிளீனர் வேலை செய்யணும்னா அட்மின் அனுமதி வேணும். நீங்க "யெஸ்" அமுக்கற அந்த நொடில சிஸ்டத்துல எந்த ஃபைலையும் படிக்க, அழிக்க, புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ண, ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் கூடவே ஓட, இவ்வளவு அதிகாரத்தையும் முழுசா கொடுத்துடறீங்க. பதிலுக்கு கிடைக்கறது சில ஜிபி இடம், அதுவும் விண்டோஸ்லயே ஃப்ரீயா கிடைக்கற விஷயம். கம்பெனி நல்ல கம்பெனியாவே இருக்கட்டும், அப்பவும் என்ன ஆகலாம்ங்கறதுக்கு சிசிகிளீனர் கதை போதும். 2004-ல இருந்து இருக்கற, கோடிக்கணக்கான பேர் யூஸ் பண்ற சாஃப்ட்வேர் அது. செஞ்ச கம்பெனி பிரிஃபார்ம், அதை 2017 ஜூலைல அவாஸ்ட்ங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி வாங்கிச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 15-ம் தேதி வந்த 5.33 வெர்ஷன்ல, 32 பிட் பதிப்புல, ஹேக்கர்கள் மால்வேர (கெடுதல் செய்யற சாஃப்ட்வேர) சேர்த்துட்டாங்க. கம்பெனியோட சொந்த சர்வர்லயே நுழைஞ்சு சாஃப்ட்வேர் தயாராகற இடத்துலயே கலந்துட்டதால டிஜிட்டல் கையெழுத்து ஒரிஜினலா இருந்துச்சு, அதிகாரப்பூர்வ சைட்ல இருந்துதான் எல்லாரும் டவுன்லோட் பண்ணாங்க, ஜாக்கிரதையா இருந்தவங்க ஜாக்கிரதையா இல்லாதவங்கன்னு வித்தியாசமே இல்ல. சிஸ்கோ டாலோஸ், மார்ஃபிசெக்ங்கற பாதுகாப்பு ஆய்வு ஆளுங்க கண்டுபிடிச்சு செப்டம்பர் 18-ம் தேதி வெளிய வந்தப்ப சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்ல அந்த வெர்ஷன் இருந்துச்சு. ரெண்டாம் கட்ட மால்வேர் இறங்கினது சுமார் 40 மெஷின்லதான், பெரிய டெக் கம்பெனிகளை குறி வெச்சு பண்ணது, சாதாரண ஆளுங்க தப்பிச்சாங்க. ஆனா ஒரு மாசம் கதவு திறந்தே கிடந்துச்சு. அட்மின் அனுமதியோட ஓடற சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணும் இப்படி ஒரு கதவுதான், அதனால தேவை இல்லாம ஒண்ணு கூட வைக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

அது நல்ல கம்பெனில வெளி ஆளு புகுந்த கதை. வேணும்னே ஏமாத்தினதும் ரெக்கார்ட்ல இருக்கு. அமெரிக்காவுல ஆஃபீஸ் டிப்போங்கற கடை செயின், பிசி ஹெல்த் செக்னு ஒரு இலவச பரிசோதனை வெச்சிருந்தாங்க. ஸ்கேன் ஆரம்பிக்கறப்பவே கஸ்டமர் கிட்ட "கம்ப்யூட்டர் மெதுவா இருக்கா, பாப்அப் வருதா, வைரஸ் எச்சரிக்கை வந்துச்சா, அடிக்கடி கிராஷ் ஆகுதா"ன்னு நாலு கேள்வி கேட்டு டிக் போடுவாங்க. அந்த நாலுல ஒண்ணு டிக் ஆனா போதும், மால்வேர் அறிகுறி இருக்குன்னு ரிசல்ட் வரும், ஸ்கேன் உள்ள என்ன பார்த்துச்சுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதை காட்டி 300 டாலர் வரைக்கும் ரிப்பேர் சர்வீஸ் வித்தாங்க. 2019 மார்ச்ல அந்நாட்டு வர்த்தக ஆணையம் எஃப்டிசி வழக்கு போட்டு, கடையும் அந்த சாஃப்ட்வேர் கொடுத்த சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. 2024-ல ரெஸ்டோரோ, ரீஇமேஜ்ங்கற ரெண்டு "பிசி ரிப்பேர்" கம்பெனி மேலயும் இதே ஆணையம் கை வெச்சுது, மெஷின் எப்படி இருந்தாலும் பிரச்சினை இருக்குன்னு பயமுறுத்தி வித்தாங்கன்னு குற்றச்சாட்டு, 2.6 கோடி டாலர்ல முடிஞ்சுது. மைக்ரோசாஃப்டும் 2018 மார்ச் 1 முதல், மிகைப்படுத்தி பயம் காட்டி காசு கேக்கற கிளீனர்களை விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் வேண்டாத சாஃப்ட்வேரா கருதி நீக்கும்னு அறிவிச்சாங்க. உங்க ஸ்கிரீன்ல வர்ற அந்த செவப்பு எச்சரிக்கை இந்த வகைல சேருதான்னு நீங்களே பார்த்துக்கோங்க: ஃப்ரீயா எண்ணிக்கை மட்டும் காட்டி, என்ன பிரச்சினைன்னு விவரம் சொல்லாம, காசு கட்டினாதான் சரி பண்ணுவேன்னு சொன்னா அது கண்டிப்பா இந்த வகைதான்.

இதுக்கு நடுவுல இருக்கற சாம்பல் நிற ஆளுங்களும் உண்டு. ஏமாத்து இல்ல, ஆனா இன்ஸ்டால் பண்றப்ப கூடவே ஒரு ஆன்டிவைரஸ், ஒரு பிரவுசர்னு டிக் போட்டு வெச்சிருப்பாங்க, வேகமா நெக்ஸ்ட் நெக்ஸ்ட் அமுக்கினா எல்லாம் வந்து உட்காந்துடும். 2018-ல சிசிகிளீனர் 5.45 வந்தப்ப, பின்னணில தகவல் அனுப்பறதை நிறுத்த வழி இல்லைன்னு யூசர்கள் சத்தம் போட்டு, கடைசில கம்பெனி அந்த வெர்ஷனையே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் டிரைவர் (சவுண்ட், வைஃபை மாதிரி பாகத்தை விண்டோஸ் இயக்க உதவற சாஃப்ட்வேர்) அப்டேட்டர்னு ஒரு கூட்டம். உங்க லேப்டாப்புக்கு 17 டிரைவர் பழசுன்னு காட்டும். பழசா இருக்கறது தப்பே இல்ல, ஓடற டிரைவர எதுக்கு மாத்தணும்? விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் பார்த்துக்கும், கிராபிக்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டுக்கு லேப்டாப் தயாரிச்ச கம்பெனியோட சைட்டுக்கே போய் எடுங்க. தப்பான டிரைவர் ஏறினா சவுண்ட் போகும், வைஃபை போகும், நீலத்திரை வரும்.

அப்ப எல்லா கிளீனரும் குப்பையான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். ப்ளீச்பிட்னு ஒண்ணு இருக்கு, 2008-ல இருந்து வருது, ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் இல்ல, என்ன அழிக்கப் போறேன்னு முதல்லயே லிஸ்ட் காட்டும், பொதுக் கம்ப்யூட்டர யூஸ் பண்றவங்க தடயம் இல்லாம துடைக்க நல்ல கருவி. ஆனா அதுலயும் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் டிக் பண்ணா பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டு வரைக்கும் போயிடும். காலி இடத்தை துடைக்கற ஆப்ஷனை எஸ்எஸ்டில தொடவே தொடாதீங்க, காலி இடம் முழுக்க எழுதி எழுதி தேய்க்கறது தவிர பெருசா பலன் இல்ல. எது இடத்தை பிடிச்சிருக்குன்னு தெரிய விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் ரெண்டும் அருமையா காட்டும், தானா எதையும் அழிக்காது, முடிவு உங்க கையில இருக்கும். எனக்கு பிடிச்ச வகை இதுதான். ஆட்வேர் (தானா விளம்பரம் காட்டற சாஃப்ட்வேர்) தொல்லைன்னா அதை நீக்கற ஆட்வ்கிளீனர் ஓட்டலாம், வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம்.

சாதாரண ஆளுக்கு விண்டோஸ் உள்ளயே இருக்கறது தாராளம். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல ஸ்டோரேஜ் போனா டெம்பரரி ஃபைல்ஸ் லிஸ்ட் வரும், ஸ்டோரேஜ் சென்ஸ் ஆன் பண்ணா தானாவே அப்பப்ப பார்த்துக்கும். பழைய டிஸ்க் கிளீனப் இன்னும் உள்ள இருக்கு, அதுல சிஸ்டம் ஃபைல்ஸ்ங்கற பட்டன அமுக்கினா அப்டேட் மிச்சங்களும் வரும், சில சமயம் பத்து ஜிபி கூட கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, டவுன்லோட்ஸ்ங்கற வரி லிஸ்ட்ல வந்தா டிக் போடறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர திறந்து பாருங்க, அங்கதான் பலர் முக்கியமான டாக்குமென்ட்டே வெச்சிருப்பாங்க. விண்டோஸ் டாட் ஓல்டுங்கற ஃபோல்டர் பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் வரும், பழைய வெர்ஷனுக்கு திரும்ப உதவும், பத்து நாள்ல தானா போயிடும், அவசரப்பட வேண்டாம். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெருசா தெரியும், ஆனா ஒரே ஃபைல் ரெண்டு இடத்துல கணக்காகறதால அப்படி காட்டுது, கையால அழிச்சா விண்டோஸ் போச்சு. விண்டோஸ் ஃபோல்டர் உள்ள இருக்கற இன்ஸ்டாலர் ஃபோல்டரும் அப்படித்தான், அழிச்சா அப்புறம் பல புரோகிராம்களை ஒழுங்கா அப்டேட்டோ அன்இன்ஸ்டாலோ பண்ண முடியாது. டிஃப்ராக் (சிதறின ஃபைல்களை ஒழுங்கா அடுக்கற சாஃப்ட்வேர்) தனியா வாங்கவே வேண்டாம், விண்டோஸே வாரா வாரம் பார்த்துக்குது, எஸ்எஸ்டின்னா டிஃப்ராகுக்கு பதிலா டிரிம் (எந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற) கட்டளை அனுப்பும்.

சரி, உங்க லேப்டாப் ஏன் மெதுவு? ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜர திறங்க, அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க. சிபியு, மெமரி, டிஸ்க் இந்த மூணுல எது 100 சதவீதத்துல நிக்குதுன்னு பார்க்கணும். ஆறு வருஷ லேப்டாப்னா என் கணிப்பு டிஸ்க்தான் 100-ல நிக்கும், உள்ள சுத்தற ஹார்ட் டிஸ்க் இருக்கும். பெர்ஃபார்மன்ஸ் டேப்ல டிஸ்க் மேல கிளிக் பண்ணா எச்டிடியா (சுத்தற ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியான்னு எழுதிருக்கும். சுத்தற டிஸ்க்கோட முள் அங்க இங்க தாவித் தாவி படிக்கணும், இப்படி சிதறிக் கிடக்கற சின்ன சின்ன ஃபைலை நொடிக்கு நூறு தடவை அளவுலதான் எடுக்க முடியும், சாதாரண எஸ்எஸ்டி அதே வேலைய பல்லாயிரம் தடவை செய்யும். ஆன் ஆகறப்ப விண்டோஸ் கேக்கறது பூரா இந்த மாதிரி சின்ன ஃபைல்தான். எச்டிடின்னு வந்தா எஸ்எஸ்டி போடுங்க, நீங்க கிளீனருக்கு வருஷா வருஷம் கட்டப் போற பணத்தை அதுல போட்டா வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

டிஸ்க் 100-ல நிக்கறதுக்கு இன்னொரு காரணம் டிஸ்க் சாகப் போறது, இதை யாரும் சொல்றதில்ல. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒண்ணுல ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன்னோட நிலைமைய தானே குறிச்சு வெக்கற கணக்கு) பாருங்க, மஞ்சளோ செவப்போ காட்டினா, ரீஅலோகேட்டட் செக்டார் (டிஸ்க்ல கெட்டுப்போய் ஒதுக்கின இடம்) எண்ணிக்கை ஏறிட்டே போனா, வேற எந்த வேலையும் பண்ணாம முதல்ல போட்டோ, டாக்குமென்ட் எல்லாத்தையும் வெளிய காப்பி எடுங்க. அந்த நிலைமைல இருக்கற டிஸ்க் மேல கிளீனர் ஸ்கேன் விட்டா அதுவே கடைசி அடியா போகலாம்.

டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப் டேப் இருக்கு, அங்க "ஹை"ன்னு காட்டறதுல உங்களுக்கு ஆன் ஆனதுமே தேவைப்படாததை டிசேபிள் பண்ணுங்க, அன்இன்ஸ்டால் ஆகாது, தேவைன்னா திரும்ப ஆன் பண்ணிக்கலாம். அந்த கிளீனரே அங்க ஒரு வரியா உட்காந்திருக்கும், பாருங்க. ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தா ஒண்ணை எடுங்க. ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றதும் ரீஸ்டார்ட் பண்றதும் ஒண்ணு இல்ல, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் முழுசா மூடாது, அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபேன் சத்தம் அதிகமா இருந்து லேப்டாப் சுடுதுன்னா உள்ள தூசி அடைச்சு சிபியு தன்னை காப்பாத்திக்க வேகத்தை குறைச்சுக்கும், அங்க தேவைப்படறது நிஜமான சுத்தம். விண்டோஸ் ஃபைலே கெட்டிருக்குன்னு சந்தேகம் வந்தா அதை சரி பண்ற சிஸ்டம் ஃபைல் செக்கர், டிஸ்ம்ங்கற கருவி ரெண்டும் உள்ளயே இருக்கு, ரெண்டும் ஃப்ரீ. விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு, மெஷின் 11-க்கு தகுதியான்னு பாருங்க, இல்லைன்னா நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட்டுக்காவது பதிவு பண்ணுங்க, குக்கி அழிக்கறதை விட இது உங்களை நூறு மடங்கு காப்பாத்தும்.

போன் பத்தியும் கடைசியா கேட்டிருந்தீங்க. ஆண்ட்ராய்டு 6-ல இருந்து ஒரு சாதாரண ஆப் இன்னொரு ஆப்போட கேஷ நேரடியா அழிக்கவே முடியாது, அதனாலதான் கிளீனர் ஆப்கள் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேக்குது, உங்களுக்கு பதிலா அது செட்டிங்ஸ்ல போய் பட்டன் அமுக்க. அந்த அனுமதி இருந்தா ஸ்கிரீன்ல இருக்கற எல்லாத்தையும் படிக்கலாம், பேங்க் ஆப் உட்பட. கிளீன் மாஸ்டர் செஞ்ச சீட்டா மொபைல் கம்பெனியோட ஆப்களை 2020-ல கூகுள் ப்ளே ஸ்டோர்ல இருந்தே எடுத்துட்டாங்க, விளம்பர விதிமீறல் காரணமா. போன்ல கிளீனர் வேண்டாம், அவ்வளவுதான்.

இப்ப செய்ய வேண்டியது: அந்த கிளீனர செட்டிங்ஸ் ஆப்ஸ்ல போய் அன்இன்ஸ்டால் பண்ணுங்க, "போறதுக்கு முன்னாடி பாதி விலைக்கு தரோம்"னு வரும், கண்டுக்காதீங்க. கூடவே அதே தேதில வேற ஏதாவது இன்ஸ்டால் ஆகிருக்கான்னு தேதி வாரியா பாருங்க, பிரவுசர்ல புது எக்ஸ்டென்ஷன் இருக்கான்னும் பாருங்க, அப்புறம் டிஃபெண்டர்ல ஃபுல் ஸ்கேன் ஒண்ணு. ஏற்கனவே கார்டு நம்பர் கொடுத்திருந்தா ஆட்டோ ரினீவல கேன்சல் பண்ணுங்க, சாஃப்ட்வேர அழிச்சா சந்தா நிக்காது, அடுத்த வருஷம் மறுபடி எடுத்துடுவாங்க. முடிச்சுட்டு டாஸ்க் மேனேஜர்ல மூணுல எது 100-ல நிக்குது, டிஸ்க் எச்டிடியா எஸ்எஸ்டியா, ரேம் எவ்வளவு, இந்த மூணையும் எழுதுங்க, எதை மாத்தினா போதும்னு அதை வெச்சு சொல்றேன்.